தெய்வமும் அல்ல, பேயும் அல்ல: என் மகள் பூரணத்தின் தோள்

அம்மன் அடியார்களே, அம்மாளைக் குளிர்விக்கிற குளிர்த்திப் பாட்டைப் பாடி முடித்து எல்லோரும் மனம் குளிர்ந்திருக்கிற நேரம். நான் சொல்லப்போவது சிலருக்குச் சுடும். சுட்டால் எழுந்து போகலாம். என் வீட்டு வேலியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் பழகியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆனால் அம்மாள் எனக்குச் செய்ததை அம்மாளின் வாசலில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வேன்?

என் மகள் பூரணத்துக்கு ஏழு வயது நடந்தபோது கண் சிமிட்டத் தொடங்கினாள். சாதாரணமாகச் சிமிட்டுவது அல்ல. இறுக்கி மூடி மூடித் திறப்பாள், ஒரு மூச்சில் பத்துத் தடவை. தூசு விழுந்ததென்று அடுத்த வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளிடம் போய்க் கண்ணில் முலைப்பால் விட்டோம். நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டினோம். ஒரு மாதத்தில் தானாக நின்றது. நான் தேங்காய் உடைத்தேன். அந்தத் தேங்காயைத் துருவிக் கறி வைப்பதற்குள் மூக்கைச் சுளிக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு கழுத்து ஒரு பக்கமாக வெட்டியது. அதற்குப் பிறகு வலது தோள். பிள்ளை சும்மா இருப்பாள், தோள் மட்டும் காதைத் தொடப்போவதுபோலத் துள்ளும். எட்டு வயதில் சத்தமும் சேர்ந்துகொண்டது. தொண்டைக்குள்ளிருந்து "ஹெக், ஹெக்" என்று வரும். வெளியே ஒழுங்கையில் போகிறவர்களுக்கும் கேட்கும்.

நான் நல்ல தாய் என்று இங்கே பெயர் வாங்க வரவில்லை. ஒரு நாள் பகல், அடுப்பில் கறி கொதிக்கிறது, வீட்டில் விருந்தாட்கள், இவள் மூலையில் இருந்து விடாமல் சத்தம் போடுகிறாள். "நிப்பாட்டடி" என்றேன். நிற்கவில்லை. அகப்பைக் காம்பால் அந்தத் தோளிலேயே அடித்தேன். இரண்டு அடி. தோள் முன்னைவிட வேகமாகத் துள்ளியது. பிள்ளை அழவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் செய்யல்லம்மா. அதுவா வருகுது. தும்மல் வாறமாதிரி. மூக்கப் பொத்தினாலும் தும்மல் வரும்தானே?"

அன்றைக்கு அகப்பையைக் கீழே போட்டவள்தான், பிறகு அவள்மேல் கை வைத்ததில்லை. மற்றவர்களையும் வைக்க விட்டதில்லை. இந்த இரண்டாவது வேலைதான் கடினமாக இருந்தது.

எங்கள் ஊர் தேற்றாத்தீவுக்குத் தெற்கே இருக்கிறது. எங்கள் கோவில் கதவு வருசத்தில் ஒருமுறை, வைகாசியில்தான் திறக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பூரணத்தின் ஒன்பதாவது வயதில், குளிர்த்தி நாளில், அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். சனம் நெரிந்தது. உடுக்கு அடித்தார்கள், பறை முழங்கியது. சத்தமும் சனமும் கூடினால் அவளுக்குத் துள்ளலும் கூடும். தோள் துள்ளியது, கழுத்து வெட்டியது, "ஹெக், ஹெக்" என்று சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, "அம்மாளே! புள்ளையில வந்திட்டா!" என்று கத்தினாள். அவ்வளவுதான். பூசை செய்கிற கட்டாடியார் வந்து வேப்பிலையைப் பிள்ளையின் கையில் திணித்தார். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகள் அந்தச் சின்னக் காலில் விழுந்தார்கள். ஒருவர் காணாமல் போன தன் மாட்டைப் பற்றி வாக்குக் கேட்டார். என் பிள்ளை நடுங்கிக்கொண்டு, "அம்மா, வீட்ட போவம்" என்றாள்.

"கேட்டியளா? மாடு வீட்ட வரும் எண்டு அம்மாள் சொல்லிப்போட்டா!" என்றார் கட்டாடியார்.

மாடு மறுநாள் வந்தது. மாடு பட்டிக்கு வராமல் பாடசாலைக்கா போகும்? ஆனால் பூரணத்தின் பெயர் ஊரில் பரவிவிட்டது. அந்தக் கிழமையே ஏழெட்டுப் பேர் வாக்குக் கேட்க வீட்டுக்கு வந்தார்கள். என் அண்ணன்தான் அப்போது கோவில் வண்ணக்கர், கோவில் காரியமெல்லாம் அவர் கையில். அவர் பூரித்துப் போனார். இனி வருசம் வருசம் பூரணம் தெய்வமாட வேண்டும், நோன்பு இருக்க வேண்டும், பள்ளிக்கூடம் போகக் கூடாது, மற்றப் பிள்ளைகளோடு தொட்டு விளையாடக் கூடாது என்று சட்டம் சொன்னார்.

"அண்ணன், அவளில தெய்வம் வரல்ல. அவளுக்கு அது அடுப்படியிலயும் வருகுது, கிணத்தடியிலயும் வருகுது. புள்ள பள்ளிக்குப் போகும்" என்றேன்.

அவருக்கு அது தாங்கவில்லை. தாய்மாமன் சொல்லை மறுக்கிற வழக்கம் எங்கள் குடியில் இல்லை. அதைவிட, நாலு பேர் முன்னால் மறுத்துவிட்டேன்.

மாசி மாதம் வந்தது. நாடெங்கும் மலேரியாக் காய்ச்சல் பரவியிருந்த வருசம் அது. எங்கள் வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். அண்ணனின் வயலும் அதே வட்டை வெளிக்குள்தான், இரண்டுக்கும் ஒரே களம். சூடு மிதிக்கும்போது, கதிரில் மாட்டை விட்டு மிதிக்கும்போது, களத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று வயல்காரருக்குத் தெரியும். வீண் பேச்சுப் பேசக்கூடாது. எந்தச் சாமானையும் ஊரில் சொல்கிற பெயரால் சொல்லக்கூடாது, களத்துக்கென்று உள்ள பெயரால்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பூதம் கேட்டு வந்து நெல்லை அள்ளிப் போய்விடும் என்பார்கள். எங்கள் களத்துக்குள் பெண்கள் கால் வைப்பதும் இல்லை. வயதுக்கு வராத பிள்ளை போகலாம். ஆகவே நான் வரம்பில் நின்றுகொண்டு, சோற்றுப் பெட்டியைக் கொடுத்துப் பூரணத்தை அனுப்பினேன்.

வாவியைக் கடந்து வந்த தோணியில் வேறு ஆட்கள் இருந்தபடியால் வழியெல்லாம் அவள் அடக்கிக்கொண்டு வந்தாள். வாயைப் பொத்தி, தோளை மற்றக் கையால் பிடித்து, கண் கலங்க இருந்ததை நான் பார்த்தேன். அடக்கியது எல்லாம் களத்து நடுவில் வெடித்தது. ஒருவரும் வாய் திறக்காத அந்த இடத்தில் "ஹெக்! ஹெக்! ஹெக்!" என்று மூன்று தரம். மாடுகள் மிரண்டன. ஒன்று பிணையலை அறுத்துக்கொண்டு ஓடியது. சூடு குலைந்தது.

அன்று நெல் குறைவாகக் கண்டது. அந்த வருசம் காய்ச்சலில் கிடந்தவர்கள் பாதிப்பேர், காவல் இல்லை, தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லை, கதிரில் பாதி பதர். பதரை மிதித்தால் பூதம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஆனால் அண்ணன் வரம்பில் வந்து நின்று என்னிடம் சொன்னார்:

"அம்மாளெண்டா ஆடியிருப்பா. ஆடாத தெய்வம் பேய்தான். வெள்ளிக்கிழமை மந்திரக்காரரக் கூட்டி வாறன். கழிப்புக் கழிச்சுத்தான் தீரும்."

வைகாசியில் தெய்வம், மாசியில் பேய். அதே பிள்ளை, அதே தோள். இடையில் நடந்ததெல்லாம் நான் "மாட்டேன்" என்று சொன்னதுதான்.

கழிப்பு என்றால் என்னவென்று நான் கண்ணால் கண்டவள். எனக்குக் கல்யாணமான புதிதில் பின் ஒழுங்கையில் ஒரு பெட்டைக்குச் செய்தார்கள். பேய் தன் பெயரைச் சொல்லும்வரை பிரம்பால் அடிப்பது. அவள் கடைசியில் ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் ஒருவரோடும் பேசவில்லை. பேய் போய்விட்டதென்று எல்லோருக்கும் சந்தோசம். என் பிள்ளையின் தோள் அடித்தால் நிற்காது, இன்னும் துள்ளும் என்று எனக்குத்தான் தெரியுமே. துள்ளத் துள்ள அடிப்பார்கள். எங்கே போய் முடியும்?

என் புரிசன் நல்ல மனிதர். அதட்டிப் பேசத் தெரியாதவர். "ஊரோட ஒத்துப் போவம் கா" என்றார். எனக்கு யாரும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

வியாழக்கிழமை பகல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு வந்தேன். கதவு மூடிக் கிடந்தது. திறக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. மூடிய கதவுக்கு முன் நின்று யாரும் வழக்குச் சொல்வதில்லை. எனக்கு வைகாசி வரை நேரம் இல்லை. கதவில் கை வைத்துச் சத்தமாகவே கேட்டேன்.

"அம்மாளே, நீயும் ஒருநாள் அநியாயம் பொறுக்காம கையில சிலம்போட ராசாவுக்கு முன்னால போய் நிண்டவள்தானே? இப்ப நான் உனக்கு முன்னால நிக்கிறன். என்ட புள்ளையில நீ வரல்ல எண்டு உனக்குத் தெரியும். பேயும் இல்ல எண்டும் உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீ வாய் திறக்காட்டி, நாளைக்கு அவளுக்கு விழுற அடி உன்ட பேரால விழுற அடி. தெய்வம் எண்டும் சொல்லாத, பேய் எண்டும் சொல்லாத ஒரு ஆளையாவது எனக்குக் காட்டு. இல்லாட்டி வைகாசியில உன்ட வாசலுக்கு நான் வர மாட்டன்."

இப்படியா கும்பிடுவது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த கும்பிடு அதுதான்.

திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்து முற்றத்தில் சனம் நின்றது. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுக்க ஆசுப்பத்திரி அப்போதிக்கரி ஐயா ஒருவர் வந்திருந்தார். அவர் அன்றைக்கு வருவதாக ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் வரிசையில் நின்றோம். பூரணத்தின் முறை வந்தபோது தோள் துள்ளியது. அவர் மருந்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். பயந்து பார்க்கவில்லை, கும்பிட்டும் பார்க்கவில்லை. என் மகளை அப்படி ஒருவர் பார்த்து அப்போதுதான் நான் கண்டேன்.

"நித்திரையில இது வருமா?"

"இல்லை ஐயா."

"பாட்டுப் பாடக்குள்ள? பாய் இழைக்கக்குள்ள?"

யோசித்தேன். அவள் பன் புல் எடுத்துப் பாய் இழைக்க இருந்தால் ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருப்பாள். அதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. கவனித்தது எல்லாம் துள்ளலைத்தான். அதை அவரிடம் சொன்னேன்.

"இது பைத்தியம் இல்ல, வலிப்பும் இல்ல. நரம்பில வாற ஒரு துடிப்பு. ஒரு மாசம் குறையும், மறுமாசம் கூடும், வேற இடத்துக்கு மாறும். பத்து, பன்னிரண்டு வயசில இன்னும் மோசமா வரும், பயப்பட வேணாம். நான் கண்ட புள்ளையளில கனபேருக்கு வளர வளரக் குறைஞ்சு போச்சு. எல்லாருக்கும் முழுசாப் போகும் எண்டு நான் சொல்ல மாட்டன்."

"மருந்து?"

"இல்லை. நிப்பாட்டு எண்டு சொல்லாம இருங்க. அதுதான் மருந்து."

"மருந்து இல்லாட்டி நீங்க என்னத்துக்கு வந்த?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, கையில் கொயினாவைத் தந்தார். அந்தக் கசப்பைக் குடித்துக்கொண்டே நான் அழுதேன். கேட்டு அரை மணி நேரம் ஆகவில்லை. அம்மாள் ஆளைக் காட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார்கள். அண்ணன், மந்திரக்காரர், பின்னால் பத்துப் பதினைந்து பேர். நான் வேலிக் கடப்பில், உள்ளே வருகிற வழியில் நின்றேன். கையில் ஒன்றும் இல்லை.

"விலகு தங்கச்சி."

"அண்ணன், இது எங்கட அம்மா எனக்குத் தந்த வீடு. எங்கட ஊரில வீடு பொம்புளப் புள்ளைக்கு. நீங்க பொண்டாட்டி வீட்டில இருக்கிறீங்க, என்ட புரிசன் என்ட வீட்டில இருக்கிறார். இதுக்குள்ள ஆர் வாறதெண்டு நான்தான் சொல்லுவன். நீங்க வரலாம். சோறு தாறன். பிரம்பு வர ஒண்ணா."

மந்திரக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாயிலயும் ஏறிட்டுது" என்றார்.

"ஓம், ஏறிட்டுது. அடியுங்க பாப்பம்."

மந்திரக்காரர் அண்ணனைப் பார்த்தார். அப்போது பின்னால் காலடி கேட்டது. காலை முதல் வீட்டுக்குள்ளேயே இருந்த என் புரிசன் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். நின்றார், அவ்வளவுதான். ஊரோடு ஒத்துப் போகிற அந்த மனிதரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார்? நான் இல்லை.

"இண்டையோட நமக்குள்ள ஒண்டுமில்ல" என்று அண்ணன் திரும்பினார். எல்லோரும் போனார்கள்.

சாட்சி சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். நான் இறங்கமாட்டேன். அதற்குப் பிறகு ஐந்து வருசம் இருக்கிறதே. கல்யாண வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள், செத்த வீட்டுக்கும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பூரணத்தைக் கடைசி வாங்கில் சுவரைப் பார்க்க இருத்தினார்கள். அந்த ஐயா சொன்னதுபோலவே பதினொன்று, பன்னிரண்டு வயதில் மோசமாகியது. கழுத்து வெட்டி வெட்டி வலியில் அழுவாள். நான் எண்ணெய் போட்டுத் தடவுவேன். ஒவ்வொரு நாளும் கும்பிட்டேன். ஒரு பதிலும் இல்லை. உலக யுத்தம் தொடங்கின வருசம் எனக்குக் கோபம் வந்து, வைகாசியில் கதவு திறந்தபோது நான் வரவில்லை. அம்மாள் கோபிக்கவில்லை. அவளும் கோபக்காரிதானே, விளங்கியிருக்கும்.

அவளுக்கு நான் செய்தது கொஞ்சம்தான். "நிப்பாட்டு" என்று சொல்லவில்லை. வேலி மறைவில் வைக்கவில்லை. கோவிலுக்கு வந்தால் முன்வரிசையில் நிறுத்தினேன். யாராவது திரும்பிப் பார்த்தால் நானும் அவர்களைத் திரும்பிப் பார்த்தேன். பாயிழைத்துக்கொண்டே அவள் பாடம் சொல்வாள், துள்ளல் வராது. அப்படியே படித்தாள்.

சத்தம் எப்போது நின்றது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. பதினைந்து வயது முடியும் காலம், ஒரு காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வீடு என்ன இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன். பூரணம் பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எப்ப இருந்தடி சத்தம் இல்ல?" என்றேன். "கன நாளம்மா. நீங்க இப்பதான் கண்டீங்களா?" என்றாள். துருவலை விட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தேன். திருகோணமலையில் குண்டு விழுந்த வருசம் கழுத்தும் நின்றது. தோள் மட்டும் இருக்கிறது. களைத்தால் துள்ளும், நெஞ்சு பதறினால் துள்ளும். முழுதாகப் போய்விட்டது என்று அம்மாள் வாசலில் பொய் சொல்லமாட்டேன். போகவேண்டும் என்று இப்போது கேட்பதும் இல்லை.

வளர்ந்தால் தானாகக் குறைகிறதைத்தானே நீ அற்புதம் என்கிறாய் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஓம், குறைகிறதுதான். அது குறையும்வரை பிள்ளையின் எலும்பு முறியாமல், மனம் முறியாமல் யார் காத்தது? அந்தக் கேள்விக்குத்தான் நான் இங்கே பதில் சொல்கிறேன்.

போன வருசம் என் அண்ணன் வந்தார். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு. கடப்புக்கு வெளியே நின்றார், அவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. பிள்ளை இறுக்கி இறுக்கிக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. "பூரணத்திட்ட ஒருக்காக் காட்டவேணும்" என்றார். பூரணம் வெளியே வந்து அந்தப் பிள்ளையின் முன் குந்தியிருந்து, "எனக்கும் வாறதுதான்" என்றாள். பிள்ளை சிரித்தது. அண்ணன் முகத்தைத் துடைத்தார். நான் அவரை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். அது எனக்கும் அம்மாளுக்கும் இடையில் இருக்கிற விசயம்.

இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். யார் யார் என்றும் எனக்குத் தெரியும். கதவு மூடியிருந்தாலும் போய்க் கேளுங்கள். உரத்துக் கேளுங்கள். அம்மாள் உங்கள் பக்கம்தான். பிரம்போடு யாராவது வந்தால் கடப்பில் நில்லுங்கள். தனியாக நிற்கப் பயமாக இருந்தால் எனக்கு ஆள் அனுப்புங்கள், நானும் வந்து நிற்கிறேன்.

நான் எழுத்துப் படித்தவள் அல்ல. நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவளும், இந்நேரம் வரை உங்கள் முன் நின்று வாசித்தவளும் பூரணம்தான். அகப்பையால் அடித்த இடத்தை எழுதமாட்டேன் என்று பேனையை வைத்துவிட்டாள். எழுதத்தான் வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன். இத்தனை பேர் முன்னால் நின்றால் தோள் துள்ளும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்து நிற்கிறாள். எத்தனை தரம் துள்ளியதென்று நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நன்றாக எண்ணுங்கள், ஒளிக்க ஒன்றும் இல்லை. எண்ணி முடித்த பிறகு உங்கள் பிள்ளைகளை அவள் படிப்பிக்கிற வகுப்புக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் உண்டு.